பர்கர் கடையில் மூன்று ஜெபங்கள்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சண்டை போடத் தெரியாது. ஜெபம் பண்ணத்தான் தெரியும். சண்டை போடத் தெரிந்திருந்தால் என் கல்யாணம் இரண்டு வருஷத்துக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் என் பெரியப்பா ஜெயதாஸ் மாடி வைத்து வீடு கட்டினார். வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போதகர் வந்து ஜெபித்து முடித்ததும், தம்பியும் இரண்டு வார்த்தை ஜெபிக்கட்டும் என்று பெரியப்பாவே என் அப்பா பொன்னுதாஸைக் கூப்பிட்டார். அப்பா கண்ணை மூடி, செலுத்த வேண்டிய ஸ்தோத்திரங்களை எல்லாம் செலுத்திவிட்டு, கடைசியில், "இந்த வீட்டின் உயரத்தைக் கண்டு இதில் குடியிருப்பவர்களின் தலை உயர்ந்துபோகாதபடி காத்தருளும்" என்றார். கூடியிருந்த நாற்பது பேரும் ஆமென் சொன்னார்கள். பழக்கதோஷத்தில் பெரியப்பாவும் சொல்லிவிட்டார். எதற்கு ஆமென் சொன்னோம் என்பது கண்ணைத் திறந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

ஜெபத்தில் குத்துவதில் ஒரு வசதி உண்டு. குத்துப்பட்டவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார், வாயைத் திறக்க முடியாது. திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பெரியப்பா ஆறு மாதம் காத்திருந்தார். ஒரு ஸ்தோத்திரக் கூட்டத்தில் அவரை ஜெபிக்கச் சொன்னபோது, "நாவை அடக்கத் தெரியாத தபால் உத்தியோகஸ்தர்களுக்கும் இரங்கும்" என்றார். எங்கள் சபையில் தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அப்பா ஒருவர்தான்.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு எனக்கு மார்த்தாண்டத்தில் இருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் படிப்பார். யாரும் ஆட்சேபிப்பதில்லை. எனக்கு இரண்டாவது ஓலை படித்த அன்று பெரியப்பா எழுந்து நின்றார். குடும்பத்தில் மூத்தவனுக்குத் தெரிவிக்காமல் நடக்கிற கல்யாணம் இது என்றார். அது சட்டப்படி ஆட்சேபணை ஆகாது என்று போதகர் சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் காதுக்குச் செய்தி போய்விட்டது. குழப்பம் உள்ள குடும்பம் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அப்போது எனக்கு இருபத்தாறு வயது.

இப்போது இருபத்தெட்டு. அம்பூரியில் இருந்து ஒரு மாப்பிள்ளை. இரண்டு ஓலை படித்தாகிவிட்டது, ஒரு சத்தமும் இல்லை. காரணம், பெரியப்பா திருவனந்தபுரத்தில் மகள் வீட்டில் இருந்தார். மூன்றாவது ஓலைக்கு நான்கு நாள் இருக்கும்போது ஊர் திரும்பிவிட்டார். வந்ததும் மேசை மேல் அழைப்பிதழைப் பார்த்திருக்கிறார். அப்பா அதைத் தபாலில் அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டில் இருந்து பெரியப்பா வீடு ஆறு வீடு தள்ளி. தபால்தலை ஒட்டி, பின்கோடு எழுதி அனுப்பியிருக்கிறார், இந்த மனிதர். "வாற ஞாயிறாழ்ச்ச நான் எழும்புவேன்" என்று பெரியப்பா சொன்னதைப் பெரியம்மா சுகிர்தபாய் பயந்துபோய் என் அம்மாவிடம் வந்து சொன்னாள்.

அம்மா அழுதாள். நான் அழவில்லை. எரிச்சலில் எனக்கு அழுகை வராது. இரண்டு பேரையும் ஒரு மேசையில் உட்கார வைத்துப் பேசிவிடுவது என்று தீர்மானித்தேன். எங்கே என்பதுதான் பிரச்சினை. வீட்டில் என்றால் சோறு, சோறு என்றால் ஜெபம். சோற்றுக் கடைக்குப் போனாலும் இலை போட்டதும் இவர்கள் தலை குனிந்துவிடும். ஆனால் டீக்கும் கடிக்கும் எங்களில் யாரும் ஜெபிப்பதில்லை. வடை, போண்டா, பழம்பொரி எல்லாம் கடி. அவற்றை நின்றபடியே தின்னலாம், ஆண்டவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. பர்கரும் கடிதான் என்று நான் நினைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

பர்கர் கடை உதியன்குளங்கரை தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. ராபின்சன் என்பவர் நடத்தினார். பஹ்ரைனில் ஓர் அமெரிக்கன் கடையில் பதினான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அதே மாதிரி ஒன்றைப் பாறசாலை ரோட்டில் கட்டிவிட்டார். தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம். சிவப்பு ரெக்ஸின் இருக்கைகள். சுவரில் அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களின் படங்கள். மூலையில் கலர் பல்பு எரிகிற பெரிய பாட்டுப்பெட்டி ஒன்று இருந்தது. அது பிளைவுட்டில் செய்தது, உள்ளே டேப் ரெக்கார்டர். அந்தக் கடைக்குச் சபைக்காரர்கள் யாரும் வருவதில்லை. வந்தவர்கள் பரோட்டா கேட்டு, இல்லை என்றதும் கோபித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

இரண்டு பேரிடமும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னேன். கல்யாணம் கழிந்து போவதற்கு முன் உங்கள் கூட இருந்து ஒரு நேரம் சாப்பிட வேண்டும் என்று. வியாழக்கிழமை மத்தியானம் அப்பாவின் ஸ்கூட்டரில் நான் போய் இறங்கியபோது பெரியப்பா ஏற்கெனவே வந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சிவப்பு இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்பா வாசலில் நின்றுவிட்டார்.

"இஞ்ச என்னத்துக்குப் பிள்ளே என்னெக் கொண்டாந்தே?"

"சாப்பிட அப்பா. வந்து இரிங்க."

"எனக்குப் பசியில்ல."

"அப்பம் பெரியப்பா சாப்பிடுகதைப் பாத்துட்டு இரிங்க."

அப்பா வந்து உட்கார்ந்தார். போனால் தோற்றதாகிவிடும். பெரியப்பாவும் அதே காரணத்துக்காக எழுந்திருக்கவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து, ஒருவர் தலைக்கு மேல் இருந்த காரை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராபின்சன் வந்தார். மூன்று பீஃப் பர்கர் சொன்னேன். இருபது நிமிஷம் ஆகும் என்றார்.

"பாஸ்ட் புட்டுண்ணுல்லா வெளியே எழுதி வச்சிருக்கு," என்றார் பெரியப்பா.

"ஆளு ஒருத்தன்தான் சாறே," என்றார் ராபின்சன். "இறைச்சியும் நான்தான் கொத்தணும், பாட்டும் நான்தான் வைக்கணும்."

இருபது நிமிஷம் நல்லதுதான், அதற்குள் பேசிவிடலாம் என்று நினைத்தேன். பேச விட்டால்தானே. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அப்பா தண்ணீர் கேட்டார். பெரியப்பா குடையை விரித்துக் கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். அறுபது வயது தாண்டிய ஆண்கள் இரண்டு பேர். ஒரு பெண்ணின் வாழ்க்கை நடுவில் கிடக்கிறது, ஒருவருக்குத் தாகம், ஒருவருக்குக் குடைக்கம்பி. கடைசியில் மேசையைத் தட்டி, "பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமை," என்று தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து ராபின்சன் மூன்று தட்டோடு வந்து நின்றார்.

பேக்கரியில் இருந்து வாங்கிய தித்திப்பு பன். நடுவில் இறைச்சி வடை, முட்டைக்கோஸ், வெங்காயம். பக்கத்தில் கத்தியும் முள்கரண்டியும். இரண்டு பேரின் கைகளும் மடிக்குப் போயின. ஜெபம் வந்துவிட்டது.

"கடிதானே பெரியப்பா," என்றேன். "சும்மா சாப்பிடுங்க."

"மத்தியானம் பன்னிரண்டரைக்கு, பிளேட்டுல வச்சு, கத்தியும் முள்ளும் கொண்டு தின்னியது கடியா பிள்ளே? இது ஊணாக்கும்."

அப்பா என்னைப் பார்த்து, அண்ணனைப் பார்க்காமல், ஆமாம் என்று தலையாட்டினார். நான்கு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். எனக்கு அந்தத் தட்டை எடுத்துச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

பெரியப்பா கண்ணை மூடினார். மூத்தவர், அவர்தான் ஜெபிக்க வேண்டும். தக்காளி சாஸ் குப்பியோடு வந்த ராபின்சன் நிலைமையைப் பார்த்து, பாட்டை நிறுத்திவிட்டு, குப்பியைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இதைச் செய்த கரங்களை ஆசீர்வதியும். ஆறு வீடு தள்ளியிருக்கிற உடன்பிறந்தவனுக்கு அழைப்பிதழைத் தபாலில் அனுப்புகிற காலத்தைக் காணும்படி அடியேனை உயிரோடு வைத்திருக்கிறீரே, அதற்காகவும் ஸ்தோத்திரம். நடக்கப் பெலனில்லாத உம்முடைய பிள்ளைகளின் கால்களுக்கு, ஆறு வீட்டுத் தூரமாவது நடக்கப் பெலன் தாரும். ஆமென்."

நாங்கள் ஆமென் சொன்னோம். ராபின்சன் குப்பியை வைக்கக் குனிந்தார். "தொடர்ந்து ஜெபிப்போம்," என்றார் அப்பா. ராபின்சன் மறுபடி நிமிர்ந்து கண்ணை மூடினார்.

"கிருபை நிறைந்த ஆண்டவரே, நடக்காத கால்களைப் பற்றி உமக்குச் சொன்னார்கள். எழுந்து நின்ற கால்களையும் நீர் கண்டிருக்கிறீர். ஒரு பெண்பிள்ளையின் ஓலை வாசிக்கையில் சபை நடுவே எழும்பின அந்தக் கால்களுக்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி முதல் பதினொன்றரை மணி வரை முட்டுவலியைக் கட்டளையிடும். ஆமென்."

பெரியப்பா மூச்சை உள்ளே இழுத்தார். அடுத்த ஜெபத்துக்குத்தான். விட்டால் சாயங்காலம் வரை போகும், ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிடும். நான் முந்திக்கொண்டேன்.

"பரம பிதாவே," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பெரியவர்கள் இருக்கும் மேசையில் நான் ஜெபித்ததே இல்லை. பிரசங்கத் தமிழ் ஒரு வரிக்கு மேல் எனக்கு வரவும் இல்லை. "இந்த ரெண்டுபேரும் உம்மகிட்ட மட்டுந்தான் பேசுகாவ. நான் சொன்னா காதுல ஏறாது. அதனால நானும் உம்மகிட்டயே சொல்லுகேன். எனக்கு இருபத்தெட்டு வயசாச்சு ஆண்டவரே. இந்தக் கல்யாணமும் முடங்கினா இனி எனக்கொரு மாப்பிள்ளை வராது, அது உமக்கும் தெரியும். பெரியப்பா எழும்பமாட்டேண்ணு இப்பம் சொல்லணும். அப்பா பெரியப்பா வீட்டுப் படி ஏறிக் கல்யாணத்துக்கு விளிக்கேண்ணு இப்பம் சொல்லணும். அது கேக்காம நான் ஆமென் சொல்லமாட்டேன். நீர் கோவிச்சாலும் செரி."

நிறுத்திவிட்டேன். ரோட்டில் ஒரு லாரி போயிற்று. ஆமென் இல்லாமல் யாரும் கண்ணைத் திறக்க முடியாது, தட்டைத் தொட முடியாது. பிறந்ததில் இருந்து அவர்கள் உடம்பில் ஊறிய சட்டம் அது. நான் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்தேன். பெரியப்பாவின் தாடை அசைந்தது.

"கர்த்தாவே," என்றார் கண்ணை மூடியபடியே. "முறைக்கு வந்து விளிச்சா அடியேன் என்னத்துக்கு எழும்பப் போறேன்? எனக்கென்ன, அந்தப் பிள்ளை மேல விரோதமா?"

அடுத்து அப்பா சொல்ல வேண்டும். அவர் நெற்றியில் வியர்வை. என் சொந்த அப்பாதான் என்னைக் கவிழ்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அப்போது அப்பா கண்ணைத் திறந்தார். ஒரு ஜெபத்தின் நடுவில் அவர் கண்ணைத் திறந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணா," என்றார். "சனியாழ்ச்ச காலத்தெ வாறேன். அவளுக்க அம்மையையும் கூட்டிட்டு வாறேன்."

பெரியப்பா கண்ணைத் திறக்கவில்லை. "பிள்ளை ஆமென் சொல்லேல்ல பொன்னு."

"அவ சொல்லுவா. நீ கண்ணெத் தொற."

பெரியப்பா திறந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "காப்பிக்கு முன்ன வா," என்றார் பெரியப்பா. "வீட்டுல குடிச்சுட்டு வந்துராதே." அப்பா சரி என்றார். அவ்வளவுதான். பெரியப்பா சாஸ் குப்பிக்காகக் கை நீட்ட, ராபின்சன் கொடுத்தார்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குச் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது கோபம். அண்ணா என்ற ஒரு சொல், காப்பிக்கு வா என்ற ஒரு சொல். இதற்காகவா நான்கு வருஷம்? இதற்காகவா அந்த மார்த்தாண்டத்து மாப்பிள்ளை எனக்கு இல்லாமல் போனார்? போன மாதம் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் குழந்தையின் தலையைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டேன். வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அவர் பெயரையே எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. மார்த்தாண்டத்துக்காரன், அவ்வளவுதான்.

"ஆமென் சொல்லு மக்கா," என்றார் பெரியப்பா. குரல் குழைந்திருந்தது. "ஆறுது பாரு."

அப்பாவும் என்னைப் பார்த்துச் சிரித்தார். காரியம் முடிந்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் நினைப்பு.

"ஜெபம் முடியல்ல," என்றேன். "கண்ணெ மூடுங்க."

சிரிப்பு நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் பெரியப்பா மூடினார், பிறகு அப்பா. நான் மூடவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தொடங்கினேன்.

"ஆண்டவரே, அவருக்க பேரு தேவநேசன்."