கண் மருந்து

செத்துப்போன ரமாத்துவின் வலது காலில் பீபாத்தா தண்ணீர் ஊற்றினாள். இரண்டு வயதுப் பிள்ளையைக் கழுவ அதிகத் தண்ணீர் தேவைப்படவில்லை. பேதியும் காய்ச்சலும் அந்த உடம்பில் மிச்சம் எதுவும் வைக்கவில்லை. பெற்றவள் ஹம்சாத்து சுவரோரம் உட்கார்ந்து, உடலைச் சுற்றும் கஃபன் துணியை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வேப்ப மரத்தடியில் ஆண்கள் பாய் விரித்திருந்தார்கள். பிள்ளையின் தகப்பனும் பீபாத்தாவின் தம்பியுமான கிம்பா இமாமிடம் பேசுவது கம்பந்தட்டைத் தடுப்பு வழியே தெளிவாகக் கேட்டது.

"அவ வயித்துல அடுத்தது தங்கியிருக்கு இமாம். அதை மறைச்சுப் பால் கொடுத்திருக்கா. கெட்ட பால். பிள்ளை தாங்குமா?"

"தாங்காதுதான்," என்றார் இமாம்.

ஹம்சாத்துவின் கை நின்றது. பொழுது சாய்வதற்குள் இந்தப் பேச்சு ஊர் முழுக்கப் போய்விடும். பிள்ளையைக் கொன்றவள் என்று பெயர் கட்டி, கிம்பா ஹம்சாத்துவை அவள் அப்பன் வீட்டுக்குத் துரத்திவிடுவான். சோற்றுச் சட்டியில் பெரிய கறித்துண்டை எடுப்பதைத் தவிர வேறெதிலும் முந்தாதவன், பழி போடுவதில் முந்திக்கொண்டான்.

பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கிம்பா, உன் கிடா எப்படிடா இருக்கு?"

"இப்ப எதுக்குக்கா அது?"

"போன மாசம் கண்ணுல பீளை வழிஞ்சு, இருமிக்கிட்டுக் கிடந்துச்சே. இப்ப கொழுகொழுன்னு நிக்குது. என்ன கொடுத்தே?"

கிம்பா தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"நான் சொல்றேன். சின்னப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் ஊத்தணும்னு டோசோ டவுனுலேர்ந்து மருந்துக்காரங்க வந்தாங்கல்ல? பிள்ளை தூங்குது, எழுந்ததும் கொடுக்குறேன்னு குப்பியில வாங்கிட்டு வந்தே. நேரா வந்து கிடா வாயைப் பொளந்து ஊத்தினே. என் கண்ணால பார்த்தேன்."

"அது கண் மருந்துக்கா. பிள்ளை கண்ணு பளிச்சுனுதானே இருந்துச்சு."

"கண்ணுக்குன்னு வந்ததுதான். பேதி, காய்ச்சல், நெஞ்சுச் சளி எல்லாத்துக்கும் கேக்குது, கொடுத்த ஊர்ல பிள்ளைங்க சாவு குறைஞ்சிருக்குன்னு மருந்து கொடுத்த பொண்ணு தொண்டை கிழியச் சொன்னாளே, காதை எங்கடா வச்சிருந்தே? கிடாவுக்கு இருமல் நின்னுச்சே, அப்பவாவது உறைச்சுதா? கொடுத்திருந்தா இவ பிழைச்சிருப்பாளோ மாட்டாளோ, அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆனா பக்ரீதுக்குப் பெருமையடிக்கப் பிள்ளையோட மருந்தைக் கிடாவுக்கு ஊத்திட்டு, பால்மேல பழி போடுறியே. த்தூ."

மரத்தடியில் யாராவது ஒருவர் அவனைத் திட்டுவார் என்று காத்திருந்தாள். யாரும் திட்டவில்லை. ஒருவர் தாடியைத் தடவினார். ஒருவர் பாயின் கிழிசலை ஆராய்ந்தார். இன்னொருவருக்குத் திடீரென்று செருப்பைத் தேட வேண்டியிருந்தது.

"மய்யித்து அடக்கத்தைத் தாமதிக்கக் கூடாது," என்று இமாம் அவசரமாக எழுந்தார். அவர் வீட்டுக் கிடாவுக்கும் போன மாதம்தான் இருமல் நின்றிருந்தது.

தடுப்பருகே நின்றிருந்த இமாமின் இளைய மனைவி சல்மூ, முதுகில் கட்டியிருந்த பிள்ளையை அவிழ்த்து முன்னால் எடுத்தாள். அதன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.