மூக்கு மூடியின் ஊசித்துளைகள்

மார்வா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தால் கை சோம்பேறியாகிவிடும் என்பது அவள் எண்ணம். அவளும் கணவனும் தாங்களே கட்டிவந்த சின்ன விமானத்தின் மூக்கில், என்ஜினுக்கு மேல் கவிழும் கண்ணாடியிழை மூடி அது. பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்டுக்கு அடியில் பூசும் சாம்பல்நிற ப்ரைமர் அடித்துக் காயவிட்டிருந்தார்கள். ப்ரைமர் அடிக்கும் வரை எல்லாம் வழவழப்பாகத்தான் தெரியும். அடித்த பிறகுதான் ஊசி குத்தியதுபோல் துளைகள் கண் திறக்கும். மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள். நெப்ராஸ்காவின் சோளக்காடுகளுக்கு நடுவே, சின்ன ஓடுதளத்தை ஒட்டிய அந்தக் கொட்டகையில் கோடை முழுக்க இப்படியே போயிற்று.

மற்ற வேலையெல்லாம் அவள் கணவன் ஓரினுடையது. கண்ணாடியிழை மட்டும் அவளுடையது. அவன் கைக்குப் பொறுமை கிடையாது. "நீ சரின்னு சொன்னாத்தான் இது பறக்கும்" என்று அவன் விளையாட்டாகச் சொன்னது எப்போதோ வீட்டுச் சட்டமாகிவிட்டது.

பக்கத்துக் கொட்டகை டெல், மனைவி சுட்ட இலவங்கப்பட்டை ரொட்டிகளோடு வந்து நின்றான்.

"இன்னும் தேய்க்கிறியா மார்வா? இப்பிடியே போனா ஓட்டை போட்டு அந்தப் பக்கம் எட்டிப் பாத்துருவே."

"உன் விமானம் மாதிரி அம்மை போட்ட மூஞ்சியோட பறக்கச் சொல்றியா?"

"என்னுது பறக்குதுல்ல. உங்களுது வேணா கிறிஸ்துமஸுக்குப் பொம்மையா நிக்கட்டும்."

ஓரின் சிரித்தான். "விமானத்தைப் பாத்து அனுமதி குடுக்க இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமை வரேன்னிருக்கார். பெயிண்ட் அப்புறம் அடிச்சுக்கலாம். ப்ரைமரோடயே முதல்ல ஏறிப் பாத்துடறேன்."

ஏறிப் பார்க்கப்போவது அவன் மட்டும்தான். சோதனைப் பறப்புகளில் இன்னொருவரை ஏற்றக் கூடாது. பக்கத்து இருக்கைக்கு அவளே உறை தைத்திருந்தாள். அது காலியாக மேலே போகும். அவள் கீழே ஓடுதள ஓரத்தில் நின்று, அவர்கள் கையாலேயே இறுக்கிய ஒவ்வொரு திருகையும் நினைத்துக்கொண்டிருப்பாள்.

உள்ளங்கை மூடியின் விளிம்புக்கு வந்தது. ஒன்றுமில்லை. திரும்பத் தடவினாள். எங்குமே ஒன்றுமில்லை, குளிர்ந்த தட்டு மாதிரி இருந்தது.

"இங்க ஒண்ணு இருக்கு" என்றாள்.

ஓரின் விளக்கைச் சாய்த்துப் பிடித்தான். சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு தூசிக்குக்கூட நிழல் விழும். அவள் காட்டிய இடத்தில் நிழலே இல்லை. அதை அவன் பார்த்தான் என்பதை அவளும் பார்த்தாள். அவன் உப்புத்தாளை நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். சாம்பல் போயிற்று, பட்டியின் வெளுப்பு வந்தது, அதுவும் போய் இழைகளின் பின்னல் தெரிந்தது. அங்கே மூன்று துளைகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

"இப்ப இருக்கு" என்றான்.

டெல் ரொட்டித் தட்டை மேசையில் வைத்தான். "சூடா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

"அப்ப இல்ல" என்றாள் மார்வா.

"தெரியும்."

"தெரிஞ்சுமா தேய்ச்சே?"

ஓரின் உப்புத்தாளை உதறினான். பால்போன்ற தண்ணீர் அவன் காலணியில் சொட்டியது. "நீ இன்னும் சரியில்லன்னு சொல்றவரைக்கும் நானும் மேல போக வேண்டியதில்லையே."

அவள் பட்டியைத் தொட்டுக் கட்டைவிரலால் மூன்று துளைகளிலும் அழுத்தினாள். பிறகு இருவரும் ஆறிப்போன ரொட்டியைத் தின்றார்கள்.

மறுநாள் காலை அந்த இடத்தைத் தேய்த்து ஒரு தட்டளவுக்கு ப்ரைமர் அடித்தார்கள். மத்தியானம் காய்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள்.

"தூக்கு" என்றாள்.

மூடியைப் பொருத்த இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து விமானத்தின் மூக்கின்மேல் இறக்கினார்கள். அவன் பக்கம் சொல்லிவைத்தாற்போல் உட்கார்ந்தது.

"விடு மார்வா."

அவள் பக்க விளிம்பு இன்னும் அவள் விரல்களில் இருந்தது. திறந்த கதவுக்கு வெளியே, காற்றுத் திசை காட்டும் துணிப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. பிறகு மெல்ல வாய் நிறையக் காற்றை வாங்கிக்கொண்டு, சோளக்காட்டுப் பக்கம் எழுந்தது.