வரியில்லாச் செருப்பு

எல்லை திறந்ததும் முதலில் படுத்தது அவளுடைய செருப்பு ஆலைதான். அண்டை நாட்டோடு ஒப்பந்தம் ஆகிவிட்டது; அங்கே செய்த பொருளுக்கு இங்கே வரி கிடையாது. அதுவரை அவள் செருப்பை விற்று வயிறு வளர்த்த கொழுந்தன், ஒரே வாரத்தில் கட்சி மாறினான். அவன் கிடங்கில் லாரி லாரியாக வெளிநாட்டுச் செருப்பு இறங்கியது. விலை பாதி.

ஆலையை மூடிய அன்று வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, அந்த மெஷினை எல்லாம் கட்டிக்கிட்டு அழாதீங்க. இரும்புக் கடைக்குத் தள்ளிவிடுங்க."

பல்லைக் காட்டிச் சிரிக்க வேறு செய்தான்.

அவ்வளவு மலிவாக எப்படித்தான் செய்கிறார்கள் என்று பார்க்க, எல்லை தாண்டும் பஸ்ஸில் ஏறினாள். முன்பென்றால் அனுமதிக்கு நடையாய் நடக்க வேண்டும்; இப்போது ஏனென்று கேட்க ஆளில்லை. வழியெல்லாம் ரப்பர் தோட்டம். விசாரித்து அந்த ஆலையைக் கண்டுபிடித்தாள். ரப்பர் காய்ச்சும் வாசனையே இல்லை. தகரக் கொட்டகைக்குள், கப்பலில் ஏதோ தூர தேசத்திலிருந்து வந்த செருப்புகளின் முத்திரையைச் சுரண்டிவிட்டு, பெண்கள் உள்ளூர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள்.

"இங்க செருப்பு செய்யறதில்லையா?"

"இதுதான் செய்யறது!" என்று ஒருத்தி சிரித்தாள்.

ஊர் திரும்பியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே சுங்க அலுவலகம் போனாள். அதிகாரிகள் விசாரித்து, அடுத்து வந்த லாரிகளை எல்லையிலேயே மடக்கினார்கள். ஏய்த்த வரி, அதன் மேல் அபராதம். கொழுந்தனின் கிடங்குக்குச் சீல் வைத்ததை அவள் எதிர்ச் சாரியில் நின்று கண்குளிரப் பார்த்தாள்.

"நீங்கதானா அண்ணி?"

"நானேதான்."

பக்கத்தில், அவள் ஆலையில் வார் கோத்துக்கொண்டிருந்தவள் நின்றாள்.

"உங்க ஆத்திரம் தீந்துச்சு அக்கா. இந்த விலைக்கு வந்ததாலதான் என் மூணு பிள்ளைங்களும் செருப்பு போட்டுச்சுங்க."

சுருக்கென்றது. ஆனாலும் அவள் மனம் இளகவில்லை.

எல்லைக்கு அப்பாலிருந்து வரியில்லாமல் ரப்பர் வரவழைத்து ஆலையைத் திறந்தாள். விலையைக் குறைக்க முடிந்தது. பழைய ஆட்களில் பாதிப் பேரைத்தான் கூப்பிட முடிந்தது. வார் கோத்தவளை முதலில் கூப்பிட்டாள்.

சில மாதங்களில் கொழுந்தன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"ஏதாவது வேலை குடுங்க அண்ணி. எனக்கு நல்லா விக்கத் தெரியும்."

"நீ வித்த லட்சணத்தைத்தான் ஊரே பாத்துச்சே. வெளியில லாரி நிக்குது. போய் ரப்பரை இறக்கு."

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனான். அவள் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, லாரி காலியாகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.