கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க

பஸ்ஸில் நெருக்கி உட்காரச் சொல்ல ‘அட்ஜஸ்ட்’ என்பார்கள். குழம்பில் உப்பு குறைந்தாலும் அதே சொல்தான். என் கணவர் அருள்சாமியை அடக்கம் செய்த சில நாளில் அது எங்கள் வாய்க்கால் கரைக்கும் வந்தது.

எங்களுக்கு முறைவைத்துத்தான் தண்ணீர். அன்று என் முறை; நட்ட பயிர் வாடிக் கிடந்தது.

“ஒத்த ஆளா எப்படித் தண்ணி கட்டுவீங்க அக்கா? இந்த முறைய எனக்கு விட்டுட்டு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்றார் பக்கத்து வயல் ராஜசேகர்.

“போன முறை சாவு வீட்டுல இருந்தேன், நீங்க பாய்ச்சிக்கிட்டீங்க. இந்தத் தடவை நீங்க அட்ஜஸ்ட் பண்ணுங்க தம்பி.”

சேலையை இழுத்துச் செருகி, அவர் மடையை அடைத்து என் மடையை வெட்டிவிட்டேன். உதவுவதாக ராஜசேகர் மண்வெட்டிக்குக் கை நீட்டினார். அது அருள்சாமியுடையது. நான் கொடுக்கவில்லை. தண்ணீர் கடைசி வரப்பைத் தொடும்வரை அங்கேயே நின்றேன்.