எல்லாவற்றையும் அழி

எங்கள் வீட்டில் ஆட்கள் மூன்று, கம்ப்யூட்டர் ஒன்று. அதுவும் கூடத்தில், திரை அடுப்படியைப் பார்த்தபடி. கரண்டியும் கையுமாக நின்ற இடத்திலிருந்தே என் மாமியாருக்கு எல்லாம் தெரியும். காலையில் நான் அதில் நோட்டீஸும் விசிட்டிங் கார்டும் வடிவமைப்பேன். மதியம் அத்தை பழைய சீரியல் பார்ப்பார். சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து, எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட்டைச் சரிசெய்தார் என்று கம்பெனிக்கு எழுதி அனுப்புவார். மூன்று பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. தனித்தனியாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டுப் பார்த்தேன்.

"ஒரே வீட்டுக்குள்ள என்ன ஒளிவு மறைவு?" என்றார் அத்தை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒளிக்க எனக்கு ஒன்று இருந்தது. கர்ப்பமாக இருந்தபோது நான் பார்த்துவந்த ஒரு தளம். பிரசவ தேதியைக் கொடுத்துவிட்டால், குழந்தை இந்த வாரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று சொல்லும். ஐந்தாம் மாதம் என் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அந்தத் தளத்துக்கு அது தெரியாது. தெரியப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அங்கே மட்டும் குழந்தை வளர்ந்துகொண்டே இருந்தது.

வீட்டில் யாரும் அதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் அத்தை, தான் தைத்து வைத்திருந்த குட்டிச் சட்டைகளை யாருக்கோ கொடுத்துவிட்டார். இவர் ஸ்கேன் படத்தை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டார். நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணத்தைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் போல இருந்தது எனக்கு.

முதலில் இன்காக்னிட்டோ விண்டோவில்தான் பார்த்தேன். தடயமே இருக்காது. ஆனால் மூடிய உடனே அது சகலத்தையும் மறந்துவிடும், என் தேதியையும் சேர்த்து. அடுத்த தடவை திறந்தால், "வாழ்த்துகள்! உங்கள் பிரசவ தேதி என்ன?" என்று புதிதாகக் கேட்கும். ஒவ்வொரு தடவையும் அதற்குப் பதில் எழுத என்னால் ஆகவில்லை. ஆகவே சாதாரண விண்டோவிலேயே பார்த்துவிட்டு, ஹிஸ்டரியில் அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிடுவேன். குக்கீஸைத் தொடமாட்டேன். என் தேதி அதில்தான் இருந்தது. அத்தையின் காலடிச் சத்தம் கேட்டால் சட்டென்று விசிட்டிங் கார்டுக்குத் தாவிவிடுவேன்.

"எந்நேரமும் கார்டுதானா? ஊர்ல இத்தனை பேருக்கா கார்டு வேணும்?" என்பார்.

ஆனால் பாழாய்ப்போன விளம்பரக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். அத்தையின் சீரியலுக்கு நடுவில் தொட்டில் வந்தது. பால்புட்டி வந்தது. ஒருநாள் அத்தை சீரியலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தபோது இவர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். முகத்தில் ஒரு திருப்தி.

"இனிமே அந்தத் தொட்டில் விளம்பரமெல்லாம் உன் கண்ணுல படாதும்மா. கூட வேலை பாக்குறவன்கிட்ட ஃபோன்ல கேட்டுக் கேட்டு செஞ்சேன். ஹிஸ்டரி, குக்கீஸ், ஒண்ணு விடல. எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

ஈரத் தலையோடு உட்கார்ந்து தளத்தைத் திறந்தேன். வாழ்த்துகள் சொன்னது. தேதி கேட்டது. கீழே காலிக் கட்டம்.

"யாரைக் கேட்டு அழிச்சீங்க?" என்று கத்தினேன். "சட்டையக் குடுத்தாச்சு. ஸ்கேன ஒளிச்சாச்சு. இது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. இதையும் விட்டு வைக்க மாட்டீங்களா?"

"எதும்மா?"

"இதுல மட்டும் அது வளந்துட்டு இருந்துச்சுங்க."

சொல்லும்போதே பைத்தியக்காரி பேச்சு மாதிரி எனக்கே கேட்டது. இவர் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தேதியை எப்போதோ மறந்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். கல்யாண நாளையே நான்தான் ஞாபகப்படுத்த வேண்டும். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நாள், மாதம், வருடம் எல்லாவற்றையும் அடித்தார். திரையில் ஏழாம் மாதம் வந்து நின்றது.

என் கூச்சலைக் கேட்டு அத்தை கரண்டியோடு வந்துவிட்டார். என் கை தன்னால் மவுஸுக்குப் போனது. இவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்."

கண்ணாடி இல்லாமல் அத்தைக்கு எழுத்து தெரியாது. ஆனால் படம் தெரிந்தது. சுருண்டு படுத்திருக்கும் குழந்தை. கரண்டியை மேஜைமேல், என் கார்டு மாதிரிகள் மேலேயே வைத்தார்.

"என்ன போட்டிருக்கு? படி."

படித்தேன். "இந்த வாரம் உங்கள் குழந்தைக்கு வீட்டில் இருப்பவர்களின் குரல் அடையாளம் தெரியும்."

அத்தை திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"பாட்டிடா கண்ணு" என்றார்.

இவர்தான் முதலில் அழுதார்.