பதில் சொல்லாத கணவர்

லேத் பட்டறைக்காரரின் பைக் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டு ஜன்னல்கள் அதிரும். நகரத்தில் வண்டிச் சத்தத்துக்குக் கட்டுப்பாடு வந்த வாரமே போக்குவரத்துக் காவலர் அவரைக் கைகாட்டி நிறுத்தினார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். சைலன்சரை மாற்றச் சொல்லி எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். மனிதர் பதிலே சொன்னதில்லை.

காவலர் புகைக்குழாய் அருகே மீட்டரைப் பிடித்தார். சத்தம் அளவைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

“எல்லா வண்டி மாதிரிதானே சார் ஓடுது?” என்றார் கணவர். முகத்தில் பொய் இல்லை.

காவலர் இன்ஜினை அணைக்கச் சைகை காட்டினார். ஹெல்மெட்டையும் கழற்ற வைத்து, அவர் முதுகுக்குப் பின்னால் போய், “ஐயா, உங்க பர்ஸ் கீழ விழுந்துடுச்சு” என்றார். கணவர் திரும்பவே இல்லை. காவலர் மனைவி பக்கம் திரும்பினார்.

“பத்து நாளுக்குள்ள சைலன்சரை மாத்திடுங்கம்மா. முதல்ல காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.”

அவள் கணவருக்கு எதிரே வந்து நின்றாள். “நான் பேசுறது கேக்குதா?”

“கொஞ்ச நாளா சரியா கேக்கல. சொன்னா பயந்துடுவியேன்னு விட்டுட்டேன்.”

“கோவத்துல ஒரு மாசமா நான் உங்ககூட பேசவே இல்ல. அதாவது தெரியுமா?”

“அப்படியா?” என்றார் அவர், நிஜமான ஆச்சரியத்தோடு.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மறுநாள் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள்.