முதல் பக்கம் முடியும் வரை

காலை ஏழரைக்கு ரொட்டி ஆலையிலிருந்து வந்து, தலைமுடியில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு, ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்தால், கண் அசரும் நேரத்தில் மாடியில் வாத்து கத்த ஆரம்பித்துவிடும். "கையைத் தட்டு, காலைத் தட்டு, குவா குவா டிஸ்கோ!" வாத்துக்குப் பின்னால் ஒரு கரடி அடித்தொண்டையில் "ஆமா, ஆமா" போடும். கரடி நிறுத்தினால் ஒரு அணில் கீச்சென்று சிரிக்கும். மூன்றுக்கும் அடியில் தம் தம்மென்று டிரம் அதிரும். டிவியில் வரும் கார்ட்டூன் பிராணிகளைப் பாடவிட்டுக் குழந்தைகளுக்காகப் போட்ட டிஸ்கோ கேசட் அது. ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு. ஆறும் அவளுக்கு மனப்பாடம். ஆலையில் மாவு பிசையும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு தன்னையறியாமல் "ஆமா, ஆமா" என்று முனகி, கூட வேலை செய்பவர்களிடம் கேலிப்பேச்சு வாங்கியிருக்கிறாள்.

அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் பேக்கரி அக்கா. நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஐம்பது கிலோ மாவு மூட்டையை யாரையும் கூப்பிடாமல் தோளில் ஏற்றிக்கொள்வாள். அவள் தலைக்கு மேல் குடியிருந்தவர் கண்ணாடிக்காரர். மூன்று தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடை திறக்கப் பதினொரு மணி ஆகும். அதிர்ந்து பேசத் தெரியாதவர் என்று பெயர். அவள் போட்டிருந்த கண்ணாடியும் அவர் கொடுத்ததுதான். அவருக்கு ஒரு மனைவி, ஏழு வயதில் ஒரு பாப்பா.

பாட்டு தினமும் வராது. வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் நான்கு நாள். வரும் நாளெல்லாம் அவள் துடைப்பக் கட்டையால் மேல்கூரையை இடிப்பாள். ஒருநாள் வேலையில் தூக்கக் கலக்கத்தில் ரொட்டி அடுப்புக்குள் தட்டைத் தள்ளும்போது கை சுட்டுவிட்டது. மறுநாள் நேராகக் கடைக்கே போய், நாலு பேர் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடித்தாள்.

"ராத்திரி முழுக்க நெருப்புல வேகறேன். பகல்ல தூங்க விடமாட்டீங்களா? இன்னொரு தடவை அந்த வாத்து கத்திச்சு, மேல வந்து எல்லாத்தையும் ஒடச்சிடுவேன்."

கண்ணாடிக்காரர் எழுந்து நின்று கைகூப்பினார். "மன்னிச்சுக்குங்க அக்கா. பொண்ணு ஆட்டத்துல பைத்தியமா இருக்கா. இனி சத்தம் வராது. நான் பார்த்துக்கறேன்."

சொன்ன சொல் தவறவில்லை. பதினைந்து நாள் மாடியிலிருந்து ஒரு குண்டூசி விழும் சத்தம்கூட வரவில்லை. அந்தப் பதினைந்து நாளும் அவள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். நல்ல மனுஷனைப் போய்க் கடையில் வைத்துக் கத்திவிட்டோமே என்று ஆலையிலிருந்து ஒரு பாக்கெட் பன் வாங்கி வந்தாள்.

பன்னைக் கொடுக்கப் போனபோது கண்ணாடிக்காரர் மனைவி மாடிப்படியிலேயே எதிர்ப்பட்டாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். வாயின் இரண்டு ஓரமும் கிழிந்து, பொருக்குத் தட்டியிருந்தது. தாடைக்கடியில் நீலம்.

"என்னம்மா ஆச்சு?"

அவள் பன்னைப் பார்த்தாள். பிறகு மேலே, தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "நீங்க எதுக்குக்கா கடைக்குப் போய்ச் சொன்னீங்க?"

"தூக்கம் வராம..."

"பாட்டு இருந்தா கத்தவாச்சும் முடியும்க்கா. இப்போ வாயில துணிய அடைச்சிடறாரு."

அவ்வளவுதான் சொன்னாள். பேக்கரி அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த பன் பாக்கெட்டை இறுக்கிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"போலீசுக்குப் போலாம் வா. நான் வரேன் கூட."

"வேணாம். நீங்களே பாட்டு கேக்கலையேன்னு அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. பாப்பா ஆடலேன்னா ஒரு மாதிரி இருக்குன்னு சொல்லுங்க. அது போதும்."

அன்று சாயங்காலம் வேலைக்குப் போகும் வழியில் அவள் கடை வாசலில் நின்றாள். என்ன முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. "பாட்டு போட்டுக்குங்க தம்பி. பழகிடுச்சு. இல்லேன்னா தூக்கம் வர மாட்டேங்குது." கண்ணாடிக்காரர் சிரித்து, அவள் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி வாங்கி, மெல்லிய துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலையே வாத்து கத்தியது.

அவள் மல்லாந்து படுத்துக் கேட்டாள். இத்தனை மாதம் டிரம் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி டிரம் இல்லை. இரண்டாவது பாட்டில் கரடி "குதி, குதி" என்னும் இடத்தில் ஏதோ சுவரில் மோதியது. அணில் சிரித்தபோது கூடவே இன்னொரு கீச்சுக் குரல். எத்தனை நாள் இதற்குக் கீழே படுத்துக்கொண்டு துடைப்பக் கட்டையால் இடித்திருக்கிறாள்! காதைப் பொத்தினாள். பொத்தினாலும் கட்டில் கால் வழியாக அதிர்வு ஏறி வந்தது. மூன்றாவது பாட்டு தொடங்கும்போது அவள் படியேறிக்கொண்டிருந்தாள்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கூடத்தின் நடுவில் பாப்பா ஆடிக்கொண்டிருந்தாள். முடி நெற்றியில் ஒட்டி, சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. கேசட் கவரை ஸ்பீக்கர்மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் கரடி மினுமினுக்கும் பேன்ட் போட்டு ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்து கண்ணு. அம்மா எங்க?"

"நிறுத்தக் கூடாது. இந்தப் பக்கம் முடியற வரைக்கும் ஆடணும்னு அப்பா சொல்லியிருக்காரு," என்றாள் பாப்பா மூச்சிரைத்தபடி. கையைத் தட்டினாள், காலைத் தட்டினாள்.

சமையலறைக் கதவைத் தோளால் ஒரே இடி. கண்ணாடிக்காரர் மனைவி குப்புறக் கிடந்தாள். அவர் அவள் முதுகில் முட்டியை ஊன்றி, சட்டைக் கையை ஒழுங்காக மடித்துவிட்டுக்கொண்டு, விலாவில் குத்திக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. தாளம் தப்பவில்லை. அதுதான் பேக்கரி அக்காவின் கண்ணை இருட்டியது.

காலரைப் பிடித்துத் தூக்கினாள். மாவு மூட்டையைவிட அவர் கனமில்லை. அவர் திரும்பிக் கையில் அகப்பட்ட கண்ணாடி ஜாடியை அவள் முகத்துக்கு வீசினார். இடது கையால் தடுத்ததில் ஜாடி உடைந்து உள்ளங்கை பிளந்தது. அதே கையால் அவர் முகத்தில் அறைந்தாள். அவள் ரத்தம் அவர் கன்னத்தில் அப்பியது. குழாய்மேல் தள்ளினாள். மூக்கெலும்பு முறியும் சத்தம் வாத்துக் குரலுக்கு நடுவிலும் கேட்டது. அவர் அவள் வயிற்றில் உதைத்தார். அவள் விழுந்து, எழுந்து, அவர் காலை வாரினாள். தரையில் போட்டு மேலே உட்கார்ந்து குத்தினாள். கை வலிக்க வலிக்கக் குத்தினாள். நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. பிடித்திருந்தது. அதை அவள் அப்புறம் யாரிடமும் சொல்லவில்லை.

கூடத்தில் டக்கென்று கேசட் நின்றது. அந்த அமைதியில் மூன்று பேருடைய மூச்சும் பெரிதாகக் கேட்டது. அவள் கையைத் தாழ்த்தினாள். போதும் என்று எழப் போனாள்.

வாசற்படியில் பாப்பா வந்து நின்றாள். "முதல் பக்கம் முடிஞ்சிடுச்சுப்பா. அடுத்த பக்கம் போடவா?"

கண்ணாடிக்காரர் தரையில் கிடந்தபடியே ரத்தத்தைத் துப்பினார். பேக்கரி அக்காவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். கடையில் கைகூப்பியபோது இருந்த அதே மரியாதையான சிரிப்பு.

"போடு கண்ணு."

அவள் அவர் முடியைக் கொத்தாகப் பிடித்து, தரையில் கழன்று கிடந்த அவருடைய மூக்குக்கண்ணாடிமேல் முகத்தை அடித்தாள். ஒரு தடவை. கண்ணாடி நொறுங்கியது. இரண்டாவது தடவை தூக்கும்போது மணிக்கட்டில் இடி இறங்கியது. அவர் மனைவி இரண்டு கையாலும் இரும்பு வாணலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "விடுங்க! செத்துடுவாரு! விடுங்க!" மறுபடியும் ஓங்கி அடித்தாள். பேக்கரி அக்காவின் வலது கை காய்ந்த குச்சி மாதிரி ஒடிந்தது.

மத்தியானம் ஸ்டேஷனில் உட்காரவைத்திருந்தார்கள். வலது கையை அட்டை வைத்துக் கட்டித் தோளில் தொங்கவிட்டிருந்தது. இடது உள்ளங்கையில் ஒன்பது தையல், பந்து மாதிரிக் கட்டு. இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"போன மாசம் கடைக்குப் போய், எல்லாத்தையும் ஒடச்சிடுவேன்னு கத்துனீங்களா?"

"ஆமா."

"நாலு பேர் சாட்சி சொல்றாங்க. அவருக்கு வலது கண்ணு தேறாதுன்னு டாக்டர் சொல்றாரு. தெரியுமா?"

அவள் கட்டுப் போட்ட கைகளைக் குனிந்து பார்த்தாள். பிறகு நடந்ததை முதலிலிருந்து சொன்னாள், துணி அடைத்தது வரைக்கும். இன்ஸ்பெக்டர் எதிர்ப்பக்கப் பெஞ்சுக்குத் திரும்பினார். கண்ணாடிக்காரர் மனைவி வேறு உடை மாற்றி, மணிக்கட்டு வரைக்கும் மறைக்கும் முழுக்கைச் சட்டையில், பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இவங்க சொல்றது நிஜமாம்மா?"

"இல்ல சார். பாட்டு சத்தம்னு சொல்லி உள்ள வந்து அடிச்சாங்க. வாயில இருக்கற காயம், போன வாரம் வழுக்கி விழுந்தது."

"பயப்படாம சொல்லும்மா."

"அவ்வளவுதான் சார்."

பேக்கரி அக்காவுக்குக் கோபம் வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தாள். தொண்டைதான் வறண்டு ஒட்டியது. ஒரு கண்ணோடு அவர் வீடு திரும்பும் நாளை நினைத்துப் பார்த்தாள். அன்று தான் கீழ்வீட்டில் இருக்கப்போவதில்லை என்பதும் தெரிந்தது. "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று பொதுவாகக் கேட்டாள்.

எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் எழுதி முடித்துவிட்டுத் தரலாம் என்பதுபோலத் தலையாட்டினாள். கண்ணாடிக்காரர் மனைவி தூங்கிவிட்ட பாப்பாவைப் பெஞ்சில் கிடத்திவிட்டு எழுந்தாள். மூலையிலிருந்த கேனிலிருந்து டம்ளர் நிறையப் பிடித்துக்கொண்டு வந்தாள். பேக்கரி அக்காவின் இரண்டு கையையும் பார்த்து, ஒரு கணம் தயங்கி, தானே டம்ளரை அவள் வாயருகே உயர்த்தினாள்.

உயர்த்தியதில் சட்டைக் கை முழங்கைக்குச் சரிந்தது. உள்பக்கச் சதையில் வரிசையாகச் சுட்ட தழும்புகள், கரண்டியின் குழி அளவில். பழையது வெளுத்து, அடுத்தது கறுத்து, கடைசி ஒன்று இன்னும் நீர் கோத்துக்கொண்டு.

எழுதும் சத்தம் நின்றது. பெண் போலீஸ் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்காரர் மனைவியும் அவள் பார்ப்பதைப் பார்த்தாள். இன்னொரு கை சும்மாதான் இருந்தது, ஆனால் அது சட்டையை இழுத்துவிட வரவில்லை. டம்ளரை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். பேக்கரி அக்கா குடித்தாள். வாய் கொள்ளாத தண்ணீர் தாடையில் வழிந்து, தூக்கிய அந்தக் கை வழியே இறங்கி, முழங்கையிலிருந்து சொட்டியது.